இரண்டு கோடுகளுக்கு நடுவே

"மாமா, காருக்குத் தாகம் எடுத்தா யார்கிட்ட சொல்லும்?" என்று அக்கா மகள் ஒருமுறை கேட்டாள். "என்கிட்டதான் சொல்லணும்" என்று சிரித்துவிட்டு அவன் அதை மறந்துபோனான்.

இன்று கார் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஓர் இறக்கத்தில், ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தான். அப்பாவைப் பதினோரு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். அதற்கு முன் முகத்தைக் காட்டிவிட வேண்டும். காலையிலிருந்து அவனும் பக்கத்து இருக்கையில் இருந்த அக்காவும் வேறெதையும் பேசவில்லை.

பானெட்டைத் தூக்கி எண்ணெயின் அளவுக் கம்பியை உருவினான். அதிலிருந்த இரண்டு கோடுகளில் மேல்கோடு வரை எண்ணெய் பளபளத்தது.

"பாரு, நிறைய இருக்கு. விளக்குக்குத்தான் பைத்தியம். ஏறுக்கா."

"உனக்குத்தான்டா பைத்தியம். சிவப்பு எரியும்போது யாராவது ஓட்டுவாங்களா?"

"அப்ப பறந்து போவோமா?"

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த ஒரு பள்ளி வேன் பின்னால் நின்றது. அதை ஓட்டி வந்த அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்.

"என்ன தம்பி, வண்டி மக்கர் பண்ணுதா?"

அவன் கம்பியைக் காட்டினான். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வண்டி மூக்கைக் கீழே வச்சு நிக்குது. எண்ணெய் ஒரு பக்கமா ஓடிக் கிடக்கும். அதுவும் இப்பத்தான் ஓடி நின்னிருக்கு, கம்பியெல்லாம் தெறிச்சு அப்பியிருக்கும். இதை நம்பாதீங்க. என்ஜினைப் போடாம, சாவியை மட்டும் திருப்பி வச்சு, மெதுவா கீழே சமதரைக்கு உருட்டுங்க. பிரேக் கல்லா இருக்கும், அழுத்தி மிதிக்கணும்."

கீழே போய் நின்றதும், "பத்து நிமிஷம்" என்றார்.

"பத்து நிமிஷமா! எங்கப்பா..."

"எண்ணெய் மேலேர்ந்து கீழே இறங்கணும்ல."

அவன் சாலையோரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். "உன் நடையில தரை தேயுதுடா" என்றாள் அக்கா. ஆனால் அவளும் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். கடவுளே, இந்தப் பத்து நிமிடத்தை அப்பாவின் கணக்கிலிருந்து கழித்துவிடாதே என்று அவன் மனதுக்குள் கெஞ்சினான்.

அந்த அம்மா தன் துணியால் கம்பியைத் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவினார். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் கறுப்பு. அவன் கம்பியை வாங்கிக் கிட்டத்தில் பார்த்தான்.

"ஓட்டியிருந்தா?"

"அதை விடுங்க, நீங்கதான் ஓட்டலையே" என்றவர், எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியில் எந்த ரகம் என்று போட்டிருந்த எண்ணைப் படித்துவிட்டு வேனிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தார். "என் வண்டிக்கும் இதேதான்."

கொஞ்சம் ஊற்றினார், சற்றுப் பொறுத்தார், துடைத்துப் பார்த்தார். மறுபடி கொஞ்சம்.

"முழுசா ஊத்திடுங்கம்மா, ஒரேயடியா."

"மேல்கோட்டைத் தாண்டினா அதுவும் கெடுதல். அவசரத்துக்கு அளவு தெரியாது தம்பி, நாமதான் பார்த்துக்கணும்."

ஈரம் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. என்ஜினைப் போட்டதும் விளக்கு அணைந்தது. அடியில் சொட்டு இல்லை என்று குனிந்து பார்த்தபின்தான் அவர் நிமிர்ந்தார். அக்கா நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது. பிடிக்கச் சொல்லி அவர் கொடுத்திருந்த துணி மட்டும் அவன் கையில் தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில், லிப்ட் வாசலில் அப்பாவின் ஸ்ட்ரெச்சர் நின்றிருந்தது.

"ஏன்டா கையெல்லாம் கரி?"

"எண்ணெய்ப்பா."

"எண்ணெய்னு ஒண்ணு இருக்கறது இப்பத்தான் தெரியுமா உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளே போனார். சாயங்காலம் அந்தச் சிரிப்பு குறையாமல் கண்விழித்தார்.

அப்பா வீடு திரும்பிய பிறகு ஒருநாள், பள்ளிக்கூடச் சுவரோரம் அந்த வேன் ஆளில்லாமல் நிற்பதை அவன் பார்த்தான். வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன, தெரு காலியாக இருந்தது. அதே எண் போட்ட புது டப்பாவை ஓட்டுநர் பக்கப் படியில் வைத்தான். அதன்மேல், துவைத்தும் கறை முழுதாகப் போகாத அந்தத் துணியை மடித்து வைத்தான். காற்றில் பறக்காதபடி ஒரு கல்லையும் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.