ஹாக் தோப்பில் நடாத கல்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தாத்தா வெண்டெலினைப் பற்றிச் சாதாரணக் குரலில் பேசத் தெரியாது. சர்ச்சில் ஜெபம் சொல்கிற குரல் தானாக வந்துவிடும். 1885இல் ரஷ்யாவில் கருங்கடல் ஓரத்தில் ஜெர்மானியர் குடியேறியிருந்த கிராமம் ஒன்றிலிருந்து கப்பலேறி, அமெரிக்காவின் டகோட்டாப் புல்வெளியில் இரண்டு எருதுகளும் ஒரு கலப்பையுமாக வந்து நின்றாராம். மரம் இல்லை, கல் இல்லை, மனிதவாடையே இல்லை. ஒற்றை மனிதர், ஒற்றைக் கலப்பை. இதை எட்டு வயதில் பள்ளி மேடையில் நான் ஒப்பித்து ஓர் ஆரஞ்சுப் பழம் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்த ஆரஞ்சை நினைத்தால் இன்று வாய் கசக்கிறது.

மனிதவாடை இல்லை என்பதே பொய். அங்கே வாழ்ந்த லகோட்டா மக்களை ராணுவம் துரத்தி வேறிடத்தில் அடைத்துவிட்டு, அதன்பிறகு சர்க்கார் அளந்து கொடுத்த மண் அது. துடைத்து வைத்த தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டு, தட்டையே தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டார். ஒற்றை மனிதர் என்பதும் பொய். கூட ஒரு தங்கை வந்திருந்தாள். பெயர் ஸலோமெயா. எங்கள் குடும்ப வரலாற்றுப் புத்தகத்தில் அவளுக்கு ஒரே வரி: "உடன் வந்த சகோதரி திருமணமின்றிக் காலமானார்."

அந்தப் புத்தகத்தை எழுதியவன் என் பெரியப்பா மகன் மில்பர்ட். டிராக்டர் விற்கிறவன். எதைப் பற்றிப் பேசினாலும் விற்பது போலவேதான் பேசுவான். 1986 ஜனவரியில் போன் செய்தான்.

"வெர்னா, நூறு வருஷம் ஆச்சு, போன வருஷமே செஞ்சிருக்கணும். இந்த ஜூலைல எல்லாரையும் கூட்டறோம். தோப்புல தாத்தா பேர்ல ஒரு கல்லு நடறோம். ஆறடி, கிரானைட்."

"தோப்பு என்னோடது, மில்பர்ட்."

"உன்னோடதுதான், யார் இல்லேன்னா? நம்ம எல்லாரோடதும்தானே. சரி, இன்னொண்ணு. நீ முப்பது வருஷம் நிலப்பதிவு ஆபீஸ்ல உட்கார்ந்தவ. வாஷிங்டனுக்கு எழுதி தாத்தாவோட பழைய பேப்பர வரவழைச்சிடேன். கண்ணாடி போட்டு மாட்டலாம்."

எழுதினேன். மார்ச் மாதம் கட்டு வந்தது. நான் கேட்டது ஒரு கோப்பு. வந்தவை இரண்டு. அங்கே இருந்த குமாஸ்தா யாரோ, ஒரே குடும்பப் பெயர் என்று இரண்டாவதையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அதன் மேலட்டையில் "வெண்டெலின் ஹாக் எதிர் ஸலோமெயா ஹாக்" என்றிருந்தது.

அண்ணன் எதிர் தங்கை. கோட்டைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்து படித்தேன்.

அந்தக் காலச் சட்டம் எளிமையானது. நூற்றறுபது ஏக்கரை எழுதி வாங்கலாம். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து உழுதால் சொந்தம். கல்யாணமாகாத பெண்ணும் வாங்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தைவிட்டுப் போனால், விட்டு ஓடியதாகக் கணக்கு. யார் வேண்டுமானாலும் புகார் செய்து அதைப் பறிக்கலாம்; புகார் செய்தவனுக்கே முதல் உரிமை. ஸலோமெயா இருபத்துமூன்று வயதில் அண்ணன் நிலத்திலிருந்து இரண்டு மைல் தள்ளித் தன் பெயரில் வாங்கியிருக்கிறாள். புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டியிருக்கிறாள். பதினைந்து ஏக்கர் உழுதிருக்கிறாள். ஓர் இரும்பு அடுப்பு, ஒரு கட்டில், பன்னிரண்டு கோழி. எல்லாம் கோப்பில் இருக்கிறது.

1888 செப்டம்பரில் அண்ணன் மனைவிக்குப் பிரசவம். பிறந்தது என் அப்பா. அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு போய்த் தங்கையை அழைத்து வந்தான். ஆமாம், வந்தான். இதற்குமேல் அந்த ஆளுக்கு 'அவர்' போட என்னால் ஆகாது. தங்கை ஏழு மாதம் அவன் வீட்டில் துணி துவைத்து, ரொட்டி சுட்டு, வறட்டி தட்டி, குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அடுத்த மே முதல் வாரத்தில் அவன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நில அலுவலகம் இருந்த ஊருக்குப் போனான். தன் தங்கை ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுவிட்டாள் என்று சத்தியம் செய்து புகார் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அவள் சுட்ட ரொட்டியைத் தின்றான்.

விசாரணை இங்கிலீஷில் நடந்தது; அவளுக்கு அது தெரியாது. மொழிபெயர்த்தவர் அந்த ஊர்க் கடைக்காரர், வெண்டெலினின் சீட்டாட்டக் கூட்டாளி. பதிவாகியிருப்பது இவ்வளவுதான்.

"நீ ஏழு மாசமா உன் நிலத்துல இல்லையா?"

"இல்லை."

"உன் வீட்டுல அடுப்பு இருக்கா?"

"இப்ப இல்லை."

"கூரை இருக்கா?"

"பாதி விழுந்துடுச்சு."

"இப்ப எங்க இருக்க?"

"அண்ணன் வீட்டுல."

"அங்க நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

தீர்ப்பு ஒரு பக்கம்கூட இல்லை. நிலம் போயிற்று. அண்ணன் முப்பது நாளுக்குள் அதை மரம் வளர்க்கும் திட்டத்தில் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டான். பத்து ஏக்கரில் மரம் நட்டால் போதும், நிலம் சொந்தம். அதுதான் ஹாக் தோப்பு. எங்கள் பெருமை. மரமே இல்லாத மண்ணில் தாத்தா உண்டாக்கிய நிழல். அப்பா வழியாக எனக்கு வந்த பங்கு அது. அந்த நிழலில்தான் என் கல்யாண விருந்து நடந்தது.

கோப்பின் கடைசியில் ஒரு கடிதம். பழைய ஜெர்மன் கையெழுத்து. பென்சிலால் எழுதியது. படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

"ஐயா, நான் ஸலோமெயா ஹாக். எனக்காகப் பேசினவர் நான் சொன்னதுல பாதிகூடச் சொல்லலைன்னு நினைக்கிறேன். நான் நிறையச் சொன்னேன், அவர் கொஞ்சமாத்தான் சொன்னார். என்னைக் கூட்டிட்டுப் போனது அண்ணன். வீட்டுக்குப் போறேன்னு ஒவ்வொரு வாரமும் கேட்டேன். எருதுக்குக் கால் நொண்டுது, அடுத்த வாரம்னான். பனி ஜாஸ்தின்னான். அண்ணிக்கு உடம்பு சரியில்லைன்னான். குழந்தைக்குக் குளிருதுன்னு என் அடுப்ப எடுத்துட்டு வந்ததும் அவன்தான். அடுப்பு எடுக்கப் புகைக்குழாயப் பிடுங்கினப்பதான் கூரை விழுந்துச்சு. நான் எங்கயும் ஓடல. அவன் நாள எண்ணிட்டு இருந்தது எனக்குத் தெரியாது. தயவுசெஞ்சு இன்னொரு தடவை விசாரிங்க. இந்தத் தடவை வேற ஆள வெச்சு."

கடிதத்தின் பின்பக்கம் யாரோ இங்கிலீஷில் குறித்திருந்தார்கள்: "ஜெர்மன். நடவடிக்கை தேவையில்லை."

பகைவன் பறித்தால் அது திருட்டு. ராத்தூக்கம் கெட்டு உன் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறவளிடம், அவள் தூக்கி வைத்திருக்கிற நாட்களையே எண்ணிப் பறிப்பதற்கு என்ன பெயர்? அந்தப் பிள்ளை என் அப்பா. அதனால் நானும் இதற்கு வெளியே நிற்க முடியாது.

மில்பர்ட்டின் கடைக்கு நகலை எடுத்துக்கொண்டு போனேன். நின்றபடியே படித்தான். முகம் சிவக்கும் என்று எதிர்பார்த்தேன். அவன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "கெட்டிக்காரக் கிழவன்" என்றான்.

"என்ன சொன்ன?"

"சட்டப்படிதானே செஞ்சிருக்கார், வெர்னா. அவர் எடுக்கலேன்னா வெளியாள் எவனாவது எடுத்திருப்பான். குடும்பத்துக்குள்ளயே இருந்துச்சே, அதப் பாரு."

"அவளும் குடும்பம்தான்."

"அவளுக்குப் பிள்ளையா குட்டியா? செத்துப்போய் அம்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப இதக் கிளறி யாருக்கு என்ன லாபம்?" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஜூலைல இதப்பத்தி வாயத் திறக்காத. ஒரேகான்லேர்ந்தெல்லாம் ஆள் வராங்க" என்றான்.

ஜூலையில் நூற்று நாற்பது பேர் வந்தார்கள். எல்லோர் சட்டையிலும் தாத்தாவின் தாடி அச்சாகியிருந்தது. நீள மேஜைகளில் மாவு உருண்டை சூப்பும் பழம் வைத்த குக்கன் கேக்கும். கல் டிரெய்லரிலேயே, மேலே துணி போர்த்தியபடி இருந்தது. மில்பர்ட் மைக்கைப் பிடித்து, ஒற்றை மனிதர் ஒற்றைக் கலப்பை என்று ஆரம்பித்தான். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாடியுள்ள திருடனுக்கு அழ எத்தனை பேர்!

அவன் முடித்ததும் நான் போய் மைக்கை வாங்கினேன். வேறெதுவும் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்தேன், முதலில் ஜெர்மனில், பிறகு இங்கிலீஷில்.

பின்வரிசையில் ஒருவன், "சாப்பாட்டு நேரத்துலயா இது?" என்றான். என் ஒன்றுவிட்ட அக்கா எர்மா எழுந்து வந்து, "பொறாமை, வெறும் பொறாமை. உங்கப்பா இருந்திருந்தா உன் கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பார்" என்றாள்.

"உட்காரு எர்மா" என்று ஒரு குரல் கேட்டது.

சக்கர நாற்காலியில் ரைன்ஹோல்ட் சித்தப்பா. எண்பத்தெட்டு வயது. வெண்டெலின் பிள்ளைகளில் மிஞ்சியிருந்த ஒரே ஆள். அவரை அலங்காரத்துக்காக முன்வரிசையில் வைத்திருந்தார்கள். பேசுவார் என்று யாரும் நினைக்கவில்லை.

"ஸாலி அத்தை எங்க வீட்லதான் இருந்தாங்க. கடைசிவரைக்கும்" என்றார். ஸலோமெயாவை வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். "அப்பா மேஜைல இருந்தா உட்கார மாட்டாங்க. அடுப்புப் பக்கத்துலயே நின்னு சாப்பிடுவாங்க. 'இது என் அடுப்பு'ம்பாங்க. நாங்க சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார். அத்தைக்குப் புத்தி கொஞ்சம் கம்மின்னு எங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தார்."

மில்பர்ட் குனிந்து, "சித்தப்பா, வெயில் ஜாஸ்தியா இருக்கு, உள்ள போலாமா?" என்றான்.

"கைய எடுடா. இந்த மரத்துக்கெல்லாம் வாளியில தண்ணி சுமந்தது யாருன்னு நினைச்ச? அப்பாவா? அப்பா வெயில்ல தொப்பி இல்லாம வாசல் தாண்ட மாட்டார்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்பா செத்த அன்னிக்கு எல்லாரும் சர்ச்சுக்குப் போனோம். அத்தை வரல. திரும்பி வந்து பாக்கறோம், அத்தை அப்பாவோட நாற்காலில உட்கார்ந்து சூப் சாப்பிட்டுட்டு இருக்காங்க. எழுந்திருக்கவே இல்ல. எங்கம்மா திட்டினாங்க. நானும் திட்டினேன். இருபத்தாறு வயசு எனக்கு, கழுத மாதிரி வளர்ந்தவன், நானும் திட்டினேன்."

நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

மில்பர்ட் என்னைத் தனியாக இழுத்தான். "திருப்தியா? சரி, ஆனது ஆச்சு. கல்ல நட்டுடலாம். ஆளுங்க காத்திருக்காங்க."

"என் நிலத்துல நடக் கூடாது."

"என்ன வெளயாடறியா? குழி வெட்டியாச்சு!"

"மூடிடு. பத்திரத்துல என் பேர் இருக்கு. அது எனக்கு எப்படி வந்துச்சுன்னு இப்ப ஊருக்கே தெரியும். ஆனா சட்டம்னு நீதான சொன்ன? சட்டப்படி சொல்றேன், எடுத்துட்டுப் போ."

அவன் முகம் அன்றுதான் முதல் தடவையாகச் சிவந்தது. தாத்தா செய்ததைப் படித்தபோது சிவக்காதது, ஆறடி கல் வீணாகிறது என்றதும் சிவந்தது. நூற்று நாற்பது பேர் பார்த்திருக்க, டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் இரண்டு மேஜையை இடித்துத் தள்ளிக்கொண்டு போனான்.

கல்லை எந்த ஊரும் கேட்கவில்லை. சர்ச் கமிட்டி யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. கடைசியில் அதை அவன் தன் டிராக்டர் கடை வாசலிலேயே, விளம்பரப் பலகைக்குக் கீழே நட்டான். அங்கே அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

எர்மா என்னோடு பேசுவதில்லை. மற்றவர்கள் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒன்றும் குறையவில்லை. ஆனால் என்னைப் பற்றியும் எனக்குப் பெரிய மதிப்பில்லை. நிலம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க ஸலோமெயாவுக்கு வாரிசு இல்லை. அவளுக்கு முன்னால் அங்கே இருந்த லகோட்டா மக்களிடம் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. தோப்பைச் சுற்றியுள்ள வயலை அதுவரை மில்பர்ட்டுக்கு விட்டிருந்த குத்தகையை மட்டும் நிறுத்தி, பக்கத்து நிலத்துக்காரருக்கு விட்டேன். இவ்வளவுதான் என் வீரம்.

செப்டம்பரில் ரைன்ஹோல்ட் சித்தப்பாவைக் காரில் கல்லறைக்கு அழைத்துப் போனேன். அத்தையின் இடத்தை அவருக்கு மட்டும்தான் தெரியும். வேலி ஓரமாக, புல்லுக்குள், பெயர்ப்பலகை இல்லாமல் இருந்தது. அவர் கைத்தடியால் புல்லை விலக்கி, "இங்கதான். தலை அந்தப் பக்கம்" என்றார். பிறகு வெகுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். காற்று பலமாக அடித்தது. போகலாமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் என்றார்.