பேர் சொல்லாத அழுகை

அம்மாவின் வாயை அம்சவேணி உள்ளங்கையால் பொத்தினாள். “பூர...” வரை வந்த பெயர் விரல்களுக்குள் சூடாக முட்டி நின்றது.

“பேர் சொல்லாத. காலையிலேர்ந்து எத்தினி வாட்டி சொல்றேன்? தெருவுல நர்சிங் ஹோம் கம்பவுண்டர் நிக்கறான்.”

அன்னம்மாள் கையைத் தள்ளிவிட்டாள். “எம் பொண்ண நான் இன்னான்னு கூப்ட்டு அழுவறது?”

“பொண்ணேன்னு அழு. கண்ணேன்னு அழு. பேரு மட்டும் வாணாம்.”

கூடத்தில் பெஞ்சின்மேல் அம்சவேணியின் தங்கை பூரணி கிடந்தாள். இருபத்துமூன்று வயது. பெஞ்சுக்கு அடியில் ஐஸ் பாளம், சுற்றிலும் மரத்தூள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் விஷயம் தெரியும். மாரில் அடித்துக்கொண்டு “தாயே, தாயே” என்று அழுதார்கள். ஒருத்தி பழக்கத்தில் பெயரை எடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அழுகை அங்கங்கே தடுக்கி விழுந்தது.

நர்சிங் ஹோம் கொடுத்த காகிதம் அம்சவேணியின் இடுப்பில் இருந்தது. அம்சவேணி, பெண், வயது முப்பத்தொன்று. பிரசவத்துக்குப் பின் இருதயம் நின்று இறப்பு.

ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனியில் அம்சவேணிக்குப் பதினோரு வருஷம். அங்கே வேலை செய்கிற பெண்களுக்குப் பிரசவம் என்றால் கம்பெனி ஒரு மஞ்சள் சீட்டு கொடுக்கும். அதைக் காட்டினால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த நர்சிங் ஹோமில் காசு வாங்காமல் பார்ப்பார்கள். பூரணிக்கு அப்படி ஒரு சீட்டும் கிடையாது. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவனின் பெண்டாட்டி. தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு. அம்சவேணி தன் பேரில் சீட்டுக் கேட்டாள். சூப்பர்வைசர் முனீர் அகமது அவளுடைய தட்டை வயிற்றை ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டில் பூரணி அம்சவேணியாகச் சேர்ந்தாள். அந்தத் தெருவில் எத்தனையோ வீட்டில் இப்படி நடந்திருந்தது. பிழைத்து வந்தவளிடம் யாரும் பேர் கேட்டதில்லை.

குழந்தை நேற்றுக் காலை பதினொரு மணிக்குப் பிறந்தது. பெண். பன்னிரண்டு மணிக்குத் துணி நனைய ஆரம்பித்தது. அம்சவேணி நான்கு தடவை போய்க் கூப்பிட்டாள். “பிரசவம்னா ரத்தம் போவாதா?” என்றாள் நர்ஸ். டாக்டரம்மா வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். போன் பண்ணச் சொன்னதற்குச் சாப்பிடுகிற நேரம் என்றார்கள். நாலு மணிக்கு மெத்தையின் அடிப்பக்கம் சொட்டியது. அப்போதுதான் நர்ஸ் ஓடி வந்து பூரணியின் கன்னத்தில் தட்டினாள். “அம்சவேணி, ஏ அம்சவேணி, கண்ணத் தொற. நீயும் கூப்புடும்மா, பார்த்துனு நிக்கறியே!”

அம்சவேணி குனிந்து, “அம்சவேணி” என்று கூப்பிட்டாள்.

பூரணி கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள். என்ன சொல்கிறாய் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு மூடிக்கொண்டாள். ஐந்தரைக்கு எல்லாம் முடிந்தது. டாக்டரம்மா எட்டு மணிக்குப் பட்டுப்புடவையோடு வந்து காகிதத்தில் எழுதினாள்.

பின்கட்டில் சத்தார் நின்றுகொண்டிருந்தார். கம்பெனியில் யூனியன் பார்க்கிறவர்.

“ஒடம்ப எடுக்க வுடாத, அம்சா. மயானத்துல கட்ட அடுக்கியாச்சு. எரிச்சிட்டா ஒண்ணியும் இல்ல. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா அறுத்துப் பாப்பாங்க. ரத்தம் போயிதான் செத்தாள்னு ரிப்போர்ட் வரும். வேலூர்ல வக்கீல் கீறாரு, நஷ்டஈடு கேஸ் போடுவாரு.”

“யார் பேர்ல?”

சத்தார் தாடியைத் தடவினார். “அதான் பேஜாரு. செத்தது பூரணின்னு சொல்லணும். சொன்னா ஒன் வேல போய்டும். சீட்ட மாத்துனதுக்கு ஒம் மேலயே கேஸ் வந்தாலும் வரும். நான் பொய் சொல்ல மாட்டேன்மா. கேஸும் ஆறு வருசம், ஏழு வருசம் இழுக்கும். ஜெயிச்சா அந்தக் கொழந்த பேர்ல பேங்க்ல போடுவாங்க. வேற எவனும் தொட முடியாது.”

பக்கத்து வீட்டு ஹலீமா பீ குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நாலு மாதக் குழந்தை இருந்தது. “மெதுவா குடிடி, யாரும் புடுங்கல,” என்றாள்.

முனீர் அகமது ஒரு மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு அம்சவேணியைச் சமையற்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

“மொதலாளி கிட்ட பேசிட்டேன். கம்பெனி ரெண்டாயிரம் தருது. ரிஜிஸ்டர்ல அம்சவேணி பேர்மேல கோடு போட்டுர்றேன். திங்கக்கெழம ஒனக்குப் பூரணின்னு புது கம்பெனி அட்ட போட்டுத் தர்றேன். அதே மிஷின், அதே எடம். யாரும் கேக்க மாட்டாங்க.”

“பதினோரு வருசம் பாய்?”

“அது அம்சவேணியோட போச்சு. புதுசா சேர்ந்தவளுக்கு சர்வீஸ் எப்டி வரும்?” அவர் குரல் இறங்கியது. “கையெழுத்து என்னுது. எனக்கு மூணு பொண்ணு. நான் ஒனக்கு நல்லதுதான் பண்ணேன், அம்சவேணி.”

“ஆமா பாய்,” என்றாள். அது உண்மைதான்.

வாசலில் குடையோடு நின்ற கம்பவுண்டர், பூரணியின் புருஷன் கனகராஜிடம் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தான். வைத்தியத்தில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. கனகராஜ் அதை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான். முதல் பஸ் பிடித்து வந்தவன். சட்டைக் காலரில் இன்னும் நூல் தூசி இருந்தது.

“அக்கா, இன்னா பண்றது?”

“நீ சொல்லு தம்பி. ஒம் பொண்டாட்டி.”

“இந்தத் தாள்ல ஒங்க புருசன்னு எம் பேர எழுதிக்கீறாங்க.” அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். “நான் யாருக்குப் புருசன்னே தெரியல.”

 அம்சவேணியின் புருஷன் லாரியோடு நாக்பூர் பக்கம் எங்கேயோ இருந்தான். அவன் அனுப்புகிற பணம் வந்தால்தான் உண்டு. அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

மேளக்காரர்கள் எழுந்தார்கள். “நேரமாச்சு, வாய்க்கரிசி போடறவங்க போடுங்க,” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். “மயானத்துல காட்டணும், அந்த சர்டிபிகேட்ட எடுத்துக் குடும்மா.”

பெண்கள் வரிசையாகச் சுற்றி வந்து அரிசி போட்டார்கள். அன்னம்மாள் போடும்போது உதட்டை இறுகக் கடித்திருந்தாள். மூக்கு வழியாகத்தான் சத்தம் வந்தது, மாடு முனகுவது போல.

அம்சவேணியின் முறை வந்தது. மூன்று பிடி அரிசி. மூன்றாவது பிடியைப் போடக் குனிந்தபோது தங்கையின் காது அவள் வாய்க்கு நேராக இருந்தது. நேற்றும் இதே தூரம்தான்.

“பூரணி,” என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. நிமிர்ந்தாள். கூடம், வாசல், தெரு, குடைக்காரக் கம்பவுண்டர் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள்.

“பூரணீ!”

மேளம் நின்றது. கம்பவுண்டர் குடையைச் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். முனீர் அகமது செருப்பைத் தேடினார். அம்சவேணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தை யாரிடமும் கொடுக்காமல் இடுப்பில் இன்னும் அழுத்திச் செருகிக்கொண்டாள்.

“வாங்க சத்தாரண்ணே, ஸ்டேஷனுக்குப் போலாம். தம்பி, நீயும் வா. அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுடாத.”

ஸ்டேஷனில் ரைட்டர் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“எறந்தவங்க பேரு?”

“பூரணி. கனகராஜ் சம்சாரம்.”

“இதுல அம்சவேணின்னு போட்டிருக்கு. அது யாரு?”

அம்சவேணி கம்பெனி அட்டையை மேஜைமேல் வைத்தாள். அவர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “ரெண்டு கேஸ் ஆவும், தெரியுமா?” என்றார்.

“எழுதுங்க சார்.”

வெயில் இறங்குகிற நேரத்தில் உடம்பை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கனகராஜ் கூடவே போனான். பந்தலில் நாலைந்து பேர்தான் மிச்சம். முனீர் அகமதுவின் மாலை கூடத்து மூலையில் கிடந்தது.

அன்னம்மாள் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அம்சவேணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இப்ப பேர் சொல்லி அழும்மா. இனிமே சொல்லலாம்.”

அன்னம்மாள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இரண்டு தடவை முயன்றுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

பெஞ்சை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். நனைந்த மரத்தூளில் அதன் நான்கு கால்களும் பதிந்த குழி அப்படியே இருந்தது. அம்சவேணி துடைப்பத்தை எடுத்து வந்து, குழிகளைப் பார்த்துவிட்டு, சுவரில் சாத்திவிட்டாள்.

ஹலீமா பீ தூங்குகிற குழந்தையை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அன்னம்மாள் எழுந்தாள். அந்த நான்கு குழிகளையும் மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.