கீழே நின்று சொன்ன பிரசங்கம்

அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் இறையியல் துறையில் பதினான்கு வருஷமாக எபிரேய மொழி நடத்தியவர் அந்த ஆசிரியை. துறையில் அவர் ஒருவர்தான் பெண். கூட்டம் நடந்தால் துறைத் தலைவர், "டீயை நீங்களே ஊத்திடுங்கம்மா, பொம்பளை கை பட்டாத்தான் ருசி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஆசிரியையும் சிரித்துக்கொண்டே ஊற்றுவார். சிரிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று பேச்சு வரும்.

இரண்டாம் வருஷ வகுப்பில் இருபத்திரண்டு பையன்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். எந்த எபிரேயச் சொல்லைக் கேட்டாலும் வேரோடு பிடுங்கி வைப்பாள். அதனால் 'டிக்‌ஷனரி' என்று பெயர் விழுந்தது. அப்பா ஒரு சின்னச் சபையின் போதகர்.

பிரசங்கப் பயிற்சி துறைத் தலைவருடைய வகுப்பு. தன் முறை வந்த அன்று அவள் மேடைப் படியில் கால் வைத்தாள்.

"மேல வேண்டாம்மா. பிரசங்கமா இல்லாம, கீழ நின்னு உன் அனுபவத்தைச் சாட்சி மாதிரி சொல்லு" என்றார் அவர்.

சொன்னாள். பின்வரிசையில் நாலு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். துறைத் தலைவர் கண்டுகொள்ளவில்லை. அவளுடைய மதிப்பெண் தாளில் தான் எழுதியதைச் சத்தமாக வாசித்தார்: "இனிமையான குரல். தாலாட்டுக்கு ஏற்றது." வகுப்பே குலுங்கியது. மறுநாள் அவள் மேஜையில் ஒரு சமையல் ஏப்ரன், அழகாக மடித்து.

அதை எடுத்துக்கொண்டு நேராக ஆசிரியையின் அறைக்கு வந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை கேளுங்க மேடம்."

ஆசிரியை எழுந்து கதவைச் சாத்தினார். "பொறுத்துப் போம்மா. நானும் இப்படித்தான் வந்தேன்."

"வந்து எங்க மேடம் சேர்ந்தீங்க?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பத்து நாள் கழித்து அவளுடைய அப்பா வந்து கையெழுத்துப் போட்டு அவளை அழைத்துப் போய்விட்டார். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை ஆசிரியைதான் அடித்தார். அன்றைக்கே முதல்வரிடம் புகார் எழுதிக் கொடுத்தார்.

"நல்ல மனுஷன்மா அவர். விளையாட்டாச் சொல்லியிருப்பார். ஜெபம் பண்ணிக்கலாமா?" என்று முதல்வர் கண்ணை மூடினார். ஆசிரியை மூடவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேரும் ஆண்கள். "பாதிக்கப்பட்ட பொண்ணு புகார் குடுக்கலையே?" என்றார்கள். ஆசிரியை அவளுக்குப் போன் போட்டார்.

"நீ வந்து சொன்னா புகார் நிக்கும்மா."

"அன்னிக்கு நான் கேட்டேன் மேடம். இப்ப வேண்டாம்."

புகார் நிரூபணமாகவில்லை என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. அடுத்த பருவம் எபிரேய வகுப்பு ஆசிரியையின் பழைய மாணவன் ஒருவனுக்குப் போனது. போதகர் மனைவிகளுக்கான குடும்ப நிர்வாக வகுப்பு இவருக்கு.

"உன் மேல என்ன தப்பு?" என்றார் கணவர்.

"அவ வந்தப்ப கதவைச் சாத்தினேனே."

சில மாதம் கழித்து அவளிடமிருந்து குறுஞ்செய்தி: 'இப்ப ஒரு துணிக்கடையில பில் போடறேன் மேடம். மார்க் லிஸ்ட் வாங்க வரணும். துறைத் தலைவர் இல்லாத நாளாச் சொல்லுங்க.'

துறைத் தலைவரோ லீவே எடுக்காத மனிதர். ஆசிரியை தானே அலுவலகத்தில் மன்றாடி மார்க் லிஸ்ட் உறையை வாங்கி, இரண்டு பஸ் மாறி அந்தக் கடைக்குப் போனார். கல்லாவுக்கு முன்னால் நீண்ட வரிசை. அவள் உறையைப் பிரிக்காமல் மேஜைக்கு அடியில் வைத்தாள்.

"தேங்க்ஸ் மேடம்" என்றாள். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, "நீங்க வாங்க சார்" என்றாள்.