இடப்பக்கக் குழி

கண்காட்சிக்கு இரவல் கேட்டு ஆள் வந்தபோதுதான், வீட்டில் கிடந்த பிரம்பு நாற்காலி ஒரு பிரமுகர் என்பது ஓய்வுபெற்ற வரைபடக்காரருக்குத் தெரிந்தது. போன நூற்றாண்டின் நடுவில் செய்ததாம். உலகத்திலேயே சொற்பம்தான் மிச்சமாம்.

"குடுத்துடுங்கப்பா. அங்க யாரு உக்காரப் போறா?" என்றாள் மகள் போனில்.

நியாயமான கேள்வி. உட்கார்ந்தவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவர் மனைவி அதில் ஒருநாளும் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. ஒரு காலை மடக்கி, இடப்பக்கம் சாய்ந்துதான் உட்காருவாள். பின்னல் அந்தப் பக்கம் மட்டும் தொய்ந்து குழி விழுந்திருந்தது.

"இது நாற்காலியா, கூடையா?" என்பார் இவர்.

"ஏன், முட்டையிடப் போறீங்களா?" என்பாள்.

அவள் போனபிறகு சாயங்காலங்களில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். மகளிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவாள். சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லாததால் நாற்காலி லாரி ஏறிவிட்டது. அதன்பின் சாயங்காலமானால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கண்காட்சி திறந்த அன்றே போனார். பல தேசத்துச் சாமான்கள். வயிற்றில் ஓட்டையுள்ள வெண்கலப் பெண் சிலையைச் சுற்றி ஒரு கூட்டம். ஓட்டை வழியாக ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூரை பறக்கப் பார்க்கும் பொம்மை வீடுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கி நின்றன. அடுத்து, மேடைமேல் கயிறு கட்டி, அவருடைய நாற்காலி. 'உட்காருபவரின் முதுகை நிமிர்த்தும் வடிவமைப்பு' என்றது அட்டை. மனைவியின் முதுகுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை போலும்.

குழியைத் தேடினார். பின்னல் மேளத்தோல்போல விறைத்திருந்தது.

"எப்படி சார் இருக்கு?" பொறுப்பாளர் அம்மாள் மலர்ந்த முகத்தோடு வந்தாள். "முழுசாப் பிரிச்சுப் புதுசா பின்னியாச்சு. ஒரு பக்கம் பள்ளம், பாக்கவே சகிக்கல. உங்க பொண்ணுகிட்ட கேட்டோம், 'தாராளமா'ன்னுட்டாங்க."

"பழைய பிரம்பு?"

"குப்பைக்குப் போயிருக்கும் சார்."

"ரொம்ப நல்லது," என்றார். அத்தனை சந்தோஷமாக நிற்பவளிடம் வேறென்ன சொல்ல?

அவள் நகர்ந்ததும் கயிற்றைத் தாண்டினார்.

"பெரியவரே, இறங்குங்க!" காவலாளி ஓடிவந்தான்.

"என் வீட்டு நாற்காலிப்பா."

"காலைலேர்ந்து நீங்க மூணாவது ஆளு. எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

அதற்குள் ஒரு காலை மடக்கி, இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பின்னல் இம்மியும் அசையவில்லை. வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "எப்படி இருக்கு?" என்றான்.

"யாருமே உக்காராத மாதிரி இருக்கு."

"புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் தினம் உக்காருங்க. தானா பள்ளம் விழுந்துடும்."

அவர் மடக்கிய காலைக் கீழே இறக்கினார்.

"எனக்கு நடுவுலதான் விழும்," என்றார்.

காவலாளி கை கொடுத்து இறக்கிவிட்டான்.