பன்னிரண்டுக்கு ஐந்து

மைக் முன்னால் போய் நிற்க மாரிசாமிக்கு இன்னும் நான்கு பேர் பாக்கி. அதற்குள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் மனைவி சாரதா முன்னால் நின்ற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இடம் அமெரிக்காவில் கால்வெஸ்டன் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் மாடி ஹால். உள்ளே மீன்வளக் கவுன்சில் கூட்டம். கவுன்சில் என்றால் நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதான், ஊர் மட்டும் கொஞ்சம் பெரிது. கால்வெஸ்டன் இருக்கும் வளைகுடாவைச் சுற்றி ஐந்து மாநிலம். மீன் பிடிப்பவர்கள், அதிகாரிகள், விஞ்ஞானிகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து எந்த மீனை எத்தனை பிடிக்கலாம், விற்கப் பிடிப்பவனுக்கு எவ்வளவு, ஆசைக்குத் தூண்டில் போடுபவனுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிஷம் பேசலாம்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது சார்ட்டர் படகுகளின் விஷயம். அதாவது ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப்போய்த் தூண்டில் போட வைக்கும் வாடகைப் படகுகள். நம் சங்கரா மீனுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு சிவப்பு மீன், ரெட் ஸ்னாப்பர். கடந்த மூன்று வருஷத்தில் ஒவ்வொரு படகும் அதில் எத்தனை பிடித்ததாக ரிப்போர்ட் செய்ததோ, அதைப் பார்த்து இனிமேல் வருஷத்துக்கு இத்தனைதான் என்று கட்டிவிடப் போகிறார்கள். காலையில் ஒவ்வொரு கேப்டனுக்கும் அவரவர் வருஷ எண்ணிக்கையை ஒரு தாளில் கொடுத்தார்கள். தொள்ளாயிரத்துக்குக் குறையாது என்று ஒரு மாதமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த மாரிசாமியின் தாளில் 401 என்று இருந்தது.

நானூறு மீனுக்கு முப்பத்துமூன்று ட்ரிப் போகலாம். அதோடு படகைக் கட்டிப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார வேண்டியதுதான்.

"கம்ப்யூட்டர் சொதப்பியிருக்கு சாரதா. நான் பேசினா சரி பண்ணிடுவாங்க," என்றார் அவர்.

கம்ப்யூட்டர் ஒன்றும் சொதப்பவில்லை. சொதப்பியவள் பக்கத்திலேயே கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் குடியிருந்த சுகர் லேண்ட் ஊரில் மாரிசாமி எண்ணெய் கம்பெனிகளில் வேலை பார்த்தவர். இரண்டு முறை லேஆஃப். இரண்டாவது முறை வீட்டுக்கு வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல், "இனிமே எவன்கிட்டயும் வேலை கேட்டு நிக்கமாட்டேன்," என்றார். சிட்டிசன்ஷிப் வந்திருந்தது. கேப்டன் லைசென்ஸ் எழுதி, இருந்த சேமிப்பையெல்லாம் துடைத்து ஒரு பழைய படகும் பெர்மிட்டும் வாங்கினார். ஆறு பேரைக் கூட்டிப் போவார். ஆளுக்கு இரண்டு மீன், மொத்தம் பன்னிரண்டு. கரைக்குத் திரும்பும்போது எண்ணிக்கையை மெசேஜ் அனுப்புவார், சாரதா அதை வீட்டிலிருந்து அரசாங்கத்தின் போன் ஆப்பில் ஏற்றுவாள். சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்குக் கடல் கைகொடுத்தது.

கைகொடுத்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கக் கூடாதா? முதல் சீசனில் பன்னிரண்டு மீனையும் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நின்று போட்டோ எடுத்துத் தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவில் போட்டார். எண்பது பேர் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நாலாம் நாள் டெக்கில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது, மூன்று வாரம் போயிற்று. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று தெரியாமலா சொன்னார்கள். சாரதா உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். ஸ்மோக் அலாரம் அலறி அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்ததுதான் மிச்சம்.

அதற்கப்புறம் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பன்னிரண்டு என்று மெசேஜ் வந்தால் ஆப்பில் ஐந்து என்று போட்டாள். அரசாங்கம் கேட்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்தான். அரசாங்கத்திடம் கூட்டிச் சொன்னால்தானே ஆபத்து, குறைத்துச் சொன்னால் என்ன, குடியா முழுகிவிடும் என்று நினைத்தாள். மணிக்கட்டு கூடியது, படகு ஓடியது. மூன்று வருஷம் ஒரு அசம்பாவிதம் இல்லை. தன் வைத்தியம் பலித்துவிட்டதென்று மனசுக்குள் பெருமைகூடப் பட்டாள், பைத்தியக்காரி.

"ஏங்க, ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன்."

"இப்பவா? இன்னும் ரெண்டு பேர்தான் இருக்காங்க."

"நீங்க பேச வேணாங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் திரும்பிப் பார்த்தார். "பயப்படாத. சண்டை போடப் போறதில்ல, பொலைட்டா தான் கேப்பேன்." அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை உதறிவிட்டு அங்கேயே போட்டு உடைத்திருக்க வேண்டும். யோசிப்பதற்குள் அந்த இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். அவர் பெயரைக் கடித்துக் குதறி மைக்கில் கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போய்விட்டார்.

மாரிசாமி நன்றாகத்தான் பேசினார். ட்ரிப்புக்குப் பன்னிரண்டு மீன், சீசனுக்கு எழுபத்தைந்து, எண்பது ட்ரிப், நானூற்றொன்று எப்படி வரும் என்று கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். "ரிப்போர்ட் போடுறது என் மனைவி. சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல பதினோரு வருஷம் இருந்தவங்க. ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் விடமாட்டாங்க. அவங்க அனுப்பினது சரியாதான் இருக்கும். தப்பு உங்க சிஸ்டத்துல," என்று இங்கிலீஷில் சொன்னார்.

பின்வரிசையில் கணக்கை வகுத்துப் பார்த்த யாரோ ஒரு கேப்டன், "அஞ்சு மீன் பிடிக்கிறவன் கதையைப் பாரு," என்று முணுமுணுக்க, நாலு பேர் சிரித்தார்கள். மாரிசாமியின் பிடரி சிவந்தது.

தலைவராக இருந்த பெண்மணி சிரிக்கவில்லை. "உங்கள் மனைவி வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். சாரதா எழுந்தாள். "மேடம், ட்ரிப்புக்கு ஐந்து என்றுதான் எங்களுக்கு வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பியது அதுதானா?"

ஆமாம், பிடித்ததே ஐந்துதான் என்றால் பெர்மிட் பிழைக்கும், இத்தனை கேப்டன்கள் முன்னால் அவர் பொய்யனாகிவிடுவார். இல்லை, பன்னிரண்டுதான் அனுப்பினேன் என்றால் அது பச்சைப் பொய், தேடினால் ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் தெரிந்தே தப்பு ரிப்போர்ட் கொடுத்த குற்றம், பெர்மிட்டே போகலாம். காலையில் கொடுத்த தாளின் பின்பக்கம் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். சாரதா புருஷனைப் பார்த்தாள். அவர் சந்தேகமே இல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் குறைச்சு எழுதினேன்," என்றாள். "பன்னிரண்டு வந்தா அஞ்சுன்னு போட்டேன். அவருக்குத் தெரியாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? எந்த வார்த்தையை எடுத்தாலும் வாய்க்குள்ளேயே கேவலமாகத் தெரிந்தது. "பயமாக இருந்தது," என்றாள். எதற்குப் பயம் என்று அவர் கேட்பதற்குள் மேஜை மேலிருந்த சிவப்பு விளக்கு எரிந்தது, நேரம் முடிந்தது. இது பதிவில் சேரும், சட்டப் பிரிவிலிருந்து கூப்பிடுவார்கள், விசாரணை முடியும்வரை இந்தப் படகுக்குப் பங்கு ஒதுக்கக் கூடாது என்று ஊழியர்களிடம் சொல்லப்படும் என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே லிஃப்ட் பக்கத்தில் மாரிசாமி சுவரில் சாய்ந்து நின்றார். சாரதா எல்லாவற்றையும் சொன்னாள், போட்டோ, மணிக்கட்டு, ஐந்து. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"யாரு கண்ணு சாரதா? அந்த நம்பர் கான்ஃபிடென்ஷியல். வேற ஒருத்தன் பாக்க முடியாது. இன்னிக்குக் காலைல வரைக்கும் நானே பாத்ததில்ல."

சாரதா தலையை ஆட்டினாள். "ஊர்க்கண்ணு இல்லீங்க. என் கண்ணுதான். ரெண்டு தடவை எல்லாம் போனதைப் பாத்தாச்சு. நீங்க தினமும் பன்னிரண்டுன்னு சந்தோஷமா அனுப்புவீங்க. அதைப் படிக்கறப்பல்லாம் இது நமக்கு நிலைக்காது, இன்னிக்கோ நாளைக்கோ புடுங்கிக்கப் போறாங்கன்னுதான் தோணும். முழுசா எழுதவே பயமா இருந்துச்சு. அஞ்சுன்னு போட்டாதான் ராத்திரி தூக்கம் வரும்."

லிஃப்ட் வந்து திறந்தது. யாரும் ஏறாததால் தானாக மூடிக்கொண்டது.

"மூணு வருஷமா," என்றார் மாரிசாமி, "நாம ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கோம்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."