பீரோவுக்குப் பின்னால் இருந்த நிறம்

1994 ஆவணி, வெள்ளிக்கிழமை காலை. சாமி படத்துக்கு எதிரே அம்மா பாவாத்தாள். அவளுக்கு வலப்பக்கம் தம்பியின் புது மனைவி ராசாத்தாள். வாசற்படியில் பெயிண்டர் சென்னிமலை. சுவரோரம் அவள் நாத்தனார் நான், மடியில் தம்பி அன்புமணியின் கடிதத்தோடு.

மஸ்கட்டிலிருந்து எழுதியிருந்தான்: 'ரூமுக்கு எந்தக் கலர் வேண்டுமானாலும் அடியுங்கள். பொற்கொடி அடித்தது மட்டும் வேண்டாம். அது இருந்தால் நான் வரமாட்டேன்.' பொற்கொடி அவன் முதல் மனைவி. அந்த அறையில்தான் இறந்தாள். மறுவாரமே வெள்ளையடித்துவிட்டோம். அவள் அடித்தது ஏதோ ரோஸ் என்பதற்கு மேல் எனக்கு நினைவில்லை. இரண்டாம் கல்யாணத்துக்கு வந்தவன் பத்து நாள் இருந்தான். பத்து நாளும் அந்த அறைக்குள் போகாமல் முன்கூடத்து ஆசாரத்தில்தான் படுத்தான்.

ஆர்.எஸ்.புரத்தில் வாங்கிய கலர் அட்டையில் ராசாத்தாள் இரண்டைக் குறித்திருந்தாள். இரண்டும் பாலில் நனைத்த பிஸ்கட் நிறம். ஒன்றில் துளி ரோஸ் கூடுதல். முடிவாகாமல் போகவே, "பூவாக்குக் கேட்டுபோடலாம்" என்றாள் அம்மா. வெள்ளைப் பூ, சிவப்புப் பூவைப் பொட்டலம் கட்டுவதுபோல இரண்டையும் வெட்டி மடித்துச் சாமி முன் போட்டாள். கையில் வருவதே சாமி வாக்கு.

ராசாத்தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். எது என்று யாருக்கும் தெரியவில்லை. பேர் அச்சடித்திருந்த ஓரத்தை அம்மா கத்தரித்துப் போட்டிருந்தாள்.

"பொண்ணு பாக்கக்கூட நான் இவ்வளவு ரோசிக்கலீங்க," என்று சிரித்தார் சென்னிமலை. "செவுத்துல வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோகுமுங்க."

அறைக்குப் போய்ப் பீரோவை நகர்த்தினார். அதைச் சுற்றித்தான் அன்று வெள்ளையடித்திருக்கிறோம். பின்னால் பழைய நிறம் அப்படியே இருந்தது. ராசாத்தாள் துண்டை அதன்மேல் வைத்து விரலால் அழுத்தினாள். விரல் தெரிந்தது. துண்டு தெரியவில்லை.

"இது அக்கா அடிச்சதுங்களா, நங்கையா?"

நான் தலையாட்டினேன்.

"அட்டையில அத்தனை கலர் இருந்துச்சுங்க. கை இங்கயேதான் போச்சு."

சென்னிமலையின் சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னொன்ன அடிச்சுபோடலாமுங்க."

"அம்மன் வாக்குக் குடுத்தாச்சு," என்றாள் அம்மா. "மாத்துனா அவ சும்மா இருப்பாளா?"

ராசாத்தாள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வேற அடிச்சாலும் பீரோவுக்குப் பின்னால அவிய நின்னுட்டுத்தானுங்க இருப்பாங்க. எழுதுங்க நங்கையா. அக்கா கலரேதான் வந்துது, அதையே அடிக்கிறோம். அவிய இருக்கற ரூம்லதான் நானும் இருக்கறேன்."

எழுதினேன். கடைசியில், 'மனசைத் தேற்றிக்கொண்டு வந்து சேர்' என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அவள் படித்துப் பார்த்து அதை மட்டும் கோடிட்டு அடித்தாள். பக்கத்தில் தன் கையெழுத்தில், 'வந்தா ரூமுக்குள்ள வாங்க. இல்லீன்னா வர வேண்டாம்' என்று எழுதினாள்.

உறையின் பசையை நாக்கால் நனைத்து, கட்டில் சட்டத்தில் வைத்து அழுத்தினாள்.

"போற வழியில பெட்டியில போட்டுபோடுங்கண்ணா."

சென்னிமலை அதை ஓரமாகப் பிடித்து வாங்கிக்கொண்டு போனார்.