பேர்லினுக்கு வெளியே பதினான்கு மாதம்

ஆனந்தராஜாவின் படை பேர்லின் வாசலில் பதினான்கு மாதமாக நின்றுகொண்டிருந்தது. ஒரு நகர்த்தல் போதும், யுத்தம் முடிந்துவிடும். மனிதர் நகர்த்தமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

பயந்துவிடாதீர்கள். யுத்தம் நடந்தது ஒஸ்லோவின் ஓரத்தில் புருசெத்தில், நாலாம் மாடிக் குசினி மேசையில், இரண்டாம் உலகப்போர் விளையாடும் ஒரு பலகையில். அதேமாதிரிப் பலகை ஒன்று பேர்கனில் அல்பேர்ட் மாஸ்டர் வீட்டிலும் விரிந்து கிடந்தது. ரஷ்யாவும் நேசநாடுகளும் ஆனந்தராஜாவுக்கு, ஜேர்மனி மாஸ்டருக்கு. நகர்த்தல்களைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார்கள். தொலைபேசியில் யுத்தம் செய்தால் நிஜமாகவே சண்டை வந்துவிடும் என்று மாஸ்டர் ஆரம்பத்திலேயே சட்டம் போட்டிருந்தார்.

அதிலும் நியாயம் இருந்தது. இருவரும் அறிமுகமானதே சண்டையில்தான். எட்டு வருடத்துக்கு முன், ஒஸ்லோவில் ஒரு கல்யாண வீட்டில், பாயசம் வரும்வரை சும்மா இருக்கமுடியாமல், அந்தப் போருக்கு ஹிட்லர் என்ற ஒற்றை ஆள்தான் காரணம் என்று ஆனந்தராஜா வாயை விட்டார். எதிரே இருந்தவர் ஊரில் இருபது வருடம் சரித்திரம் படிப்பித்தவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதல் போர் முடிந்ததும் ஒப்பந்தம் என்ற பெயரில் ஜேர்மனியை மூக்குடைத்தது, அங்கே காசு வெறும் கடதாசியானது, வேலையில்லாமல் இலட்சக்கணக்கில் தெருவில் நின்றது என்று மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் இல்லாவிட்டால் இன்னொரு ஆள் வந்திருப்பான் என்றார். அப்படியானால் கொன்றவனுக்குக் குற்றமே இல்லையா என்று இவர் எகிறினார். மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் பத்துப் பேர் மேசையில் இவர்கள் இருவர்தான் மிச்சம். இருவருமே கல்யாணத்துக்குத் தனியாக வந்தவர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நிஜப் போர் ஆறு வருடத்தில் முடிந்தது. இவர்களுடையது எட்டாவது வருடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மொஸ்கோக் குளிரில் மாட்டிக்கொண்டார், ஸ்டாலின்கிராட்டில் ஒரு முழுப் படையைப் பறிகொடுத்தார், நோர்மண்டியில் ஏமாந்தார். ஆனந்தராஜா இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வந்து, பேர்லினுக்கு ஒரு கட்டம் முன்னால்தான் விழித்துக்கொண்டார். யுத்தம் முடிந்தால் கடிதமும் நின்றுவிடும்.

மனைவி புஷ்பமலர் காலமாகி ஒன்பது வருடம். மகன் சயூரன் ஹவுகெட்டோவில்தான் இருக்கிறான், போய்வர ஒரு பின்னேரம் போதும். ஞாயிறு தோறும் 'அப்பா ஓகேயா' என்று ஒரு செய்தி வரும், 'ஓம்' என்று பதில் போகும். அந்த வாரத்துக்கு அவ்வளவுதான். தபாலோ ஒருநாள் விட்டு ஒருநாள். வராத நாளிலும் கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்க்கிற மனிதருக்கு பேர்லின் எதற்கு? டாங்கிகளை நோர்வேயின் நார்விக் பக்கம் திருப்பினார். இருக்கிற நாட்டை முதலில் விடுவிக்கவேண்டாமா என்று எழுதினார். பிறகு கிரேக்கத்துக்குப் போனார். பிறகு எண்ணெய் இல்லை என்று இரண்டு மாதம் சும்மா நின்றார். வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு போருக்குத் தப்பி இந்த நாட்டுக்கு ஓடிவந்தவர், இன்னொரு போர் முடிந்துவிடக்கூடாதே என்று கும்பிடாத குறையாக இருந்தார்.

மார்ச் மாதத்துச் செவ்வாய் ஒன்றில் வந்த கடிதத்தில் நகர்த்தல் இல்லை.

'வியாழக்கிழமை எனக்கு இங்கே பெரியாஸ்பத்திரியில் இருதய ஒப்பரேஷன். அதற்கு முன் யுத்தம் முடியவேண்டும். பதினான்கு மாதமாக வாசலில் நிற்கிறீர். நானும் காவல் போடாமல்தான் வைத்திருக்கிறேன். உள்ளே வாரும்.'

பதில் எழுதினால் வெள்ளிக்குத்தான் போய்ச்சேரும். சட்டத்தை மீறித் தொலைபேசி எடுத்தார். அது அடித்து ஓய்ந்தது. முடிக்காமல் விட்டால் என்ன, யுத்தம் மிச்சம் இருக்கிறதென்ற பிடிவாதத்திலாவது மனிதர் எழும்பி வருவார் என்று ஒரு மனம் சொன்னது. நல்ல சாட்டுத்தான். தன் தனிமைக்காகச் சொல்கிற சாட்டு என்று அவருக்கே தெரிந்தது. புதன் காலை பலகையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பேர்கன் ரயில் ஏறினார். மகனுக்குச் செய்தி அனுப்பினார். பதிலாக ஒரு பெருவிரல் படம் வந்தது.

மாஸ்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வற்றிப்போய்க் கிடந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய குளிர்ச்சட்டை மட்டும் இருந்தது. வேறு யாரும் வந்துபோன அடையாளம் இல்லை. கடிதம் கேட்டால் ஆளே வந்து நிற்கிறீரே என்று சிரித்தார். சாப்பாட்டு மேசையை இழுத்துப் பலகையை விரித்தார்கள். ஆனந்தராஜா சிவப்பு டாங்கியை எடுத்தார். பேர்லினில் வைத்தார். மாஸ்டர் தன் கறுப்புக் கொடியைத் தானே சரித்தார்.

"முடிஞ்சுது மாஸ்டர்." ஆனந்தராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இனி உங்களுக்கு நான் என்னத்தை எழுதுறது?"

"நீர் என்ன சரித்திரம் படிச்சனீர்? ஐரோப்பாவிலைதான் முடிஞ்சது. ஜப்பான் இன்னும் நிக்குதெல்லோ."

இந்தப் பலகையில் ஜப்பான் இல்லையே என்றார் ஆனந்தராஜா.

"கீறும். நாப்பத்தொண்டிலையிருந்து தொடங்குவம். நாலு வருசம் கிடைக்கும்."

மறுநாள் காலை கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியபின், நீங்கள் உறவா என்று தாதி கேட்டாள். நாங்கள் இருவரும் போரில் இருக்கிறோம் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். அவள் ஒன்றும் விளங்காமல் பார்த்தாள். பிறகு கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆனந்தராஜா பலகையைக் கவிழ்த்து, அதன் வெறும் முதுகில் பென்சிலால் பசிபிக்கைக் கீறினார். ஜப்பான், பிலிப்பைன்ஸ், பர்மா. இலங்கையையும் சேர்த்தார். கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான்காரர் குண்டு போட்டதை விடமுடியுமா? மூலையில் எழுதினார்: 'டிசம்பர் 1941. முதல் நகர்த்தல் உங்களுடையது.'

மத்தியானம் தாண்டியது. கதவு திறக்கவில்லை. படம் முடிந்துவிட்டால் கைக்கு வேறு வேலை இல்லை. பசிபிக்கில் இன்னும் கீறாத தீவுகள் நிறைய இருந்தன. பென்சிலைத் திரும்ப எடுத்து, சின்னத் தீவையும் விடாமல் ஒவ்வொன்றாகக் கீறத் தொடங்கினார்.